பரோடாவிலிருந்து புனே வரை: பணியிட மன அழுத்தத்தின் சாதி வரலாறு

பணியிட மன அழுத்தம் பற்றிப் பேசாத நிறுவனம் இன்று அநேகமாக இல்லை. ஐ.டி. கம்பெனியிலிருந்து அரசு மருத்துவமனை வரை ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஒரு பவர்பாயின்ட், ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சி, நேர்மறையாகச் சிந்தியுங்கள் என்று ஓர் அறிவுரை, கடைசியில் டீயும் சமோசாவும். அண்மைக் காலமாக 'ரெசிலியன்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டிருக்கிறது. தமிழில் மீள்திறன் என்கிறார்கள். அடி விழுந்தாலும் எழுந்து நிற்கிற திறன். சமூகப் பணியாளராக நானும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். மூச்சுப் பயிற்சியால் கெடுதல் ஒன்றும் இல்லை, தூக்கம் வராதவருக்கு அது உதவவும் செய்யும். ஆனால் அந்த அடியைக் கொடுப்பது யார் என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதே இல்லை.

நம் மக்கள் படித்து அலுவலகத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் நுழைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த நூறாண்டு அனுபவத்துக்குள் மன அழுத்தம் எப்படி உண்டாக்கப்படுகிறது, அதை நம் முன்னோர் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு ஏராளமான சான்றுகள் கிடக்கின்றன. நிர்வாகவியல் பாடப் புத்தகத்தில் அவை இல்லை. வேலைக்குப் போகப்போகிற, போய்க்கொண்டிருக்கிற தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில பக்கங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பக்கம் 1917. அண்ணல் அம்பேத்கருக்கு அப்போது 26 வயது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு பரோடாவுக்கு வருகிறார். மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகைக்கு ஈடாகப் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அவருக்கு இராணுவச் செயலாளர் பதவி என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்சய் கீர் எழுதுகிறார். அண்ணலோ தன் நினைவுக் குறிப்பான 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்பதில், கணக்காயர் அலுவலகத்தில் பயிற்சி நிலை அலுவலராக இருந்ததாகச் சொல்கிறார். பதவியின் பெயர் எதுவாக இருந்தாலும் நடந்தது ஒன்றுதான். பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசை மீது வீசினார்கள். அவர் எழுந்து போகும்போது தரைவிரிப்பைச் சுருட்டினார்கள். அலுவலகத்தில் அவருக்குக் குடிதண்ணீர் இல்லை. இவை கீர் பதிவு செய்திருப்பவை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் பதவி வரிசைப்படி பார்த்தால் பியூன் கீழே, அம்பேத்கர் மேலே. சாதி வரிசைப்படி பார்த்தால் தலைகீழ். மேலதிகாரி கீழ் ஊழியரை நசுக்குவது பற்றி மன அழுத்த நூல்கள் நிறையப் பேசும். கீழ் ஊழியர் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே கோப்பை வீசக்கூடிய அலுவலகத்தை அவற்றால் விளக்க முடியாது. இன்றும் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவருக்கு நாற்காலி போடாத அலுவலகங்களைப் பற்றிச் செய்தி வரும்போது, எனக்குப் பரோடாவின் தரைவிரிப்புதான் நினைவுக்கு வரும்.

பரோடாவில் அவருக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு தங்கினார். மேல்மாடிக் கூடம், பழைய தட்டுமுட்டுச் சாமான்கள், மங்கலான ஒரு விளக்கு, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. காலையில் அலுவலகம் போனால் வேண்டுமென்றே இரவு எட்டு மணி வரை வெளியிலேயே நேரத்தைக் கழித்துவிட்டுத் திரும்புவாராம். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. ஓர் இந்து நண்பரிடம் கேட்டார், ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டார், இருவர் வீட்டிலும் இடம் இல்லை. கமாத்தி பாக் பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ஒன்பது மணி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

இந்த நிகழ்வை நாம் மேடைகளில் அவமானத்தின் கதையாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதை வேலையின் கதையாகவும் படிக்க வேண்டும். அவருக்கு வேலை கடினமாக இருக்கவில்லை. வேலையைச் செய்யத் தேவையான சாதாரண விஷயங்கள் மறுக்கப்பட்டன: தண்ணீர், கைக்கு வரும் கோப்பு, சக ஊழியரின் பேச்சு, திரும்பிப் போக ஒரு கூரை. அழுத்தம் அலுவலக வாசலோடு முடிவதில்லை என்பதும் இதில் இருக்கிறது. சென்னையில் வீடு தேடும்போது 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டார்கெட் மீட்டிங்கில் உட்காருகிற தோழருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த ஆண்டே, 1918இல், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். மாணவர்கள் அவருடைய வகுப்புக்கு விரும்பி வந்தார்கள். சக பேராசிரியர்களில் சிலரோ, பேராசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதை எதிர்த்தார்கள். மீண்டும் தண்ணீர்.

ஒரு நகராட்சியில் தூய்மைப் பணியாளர்களுக்கு நடந்த மன அழுத்த வகுப்பு ஒன்றில், மூச்சுப் பயிற்சி முடிந்ததும் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "சார், மூச்சு இழுத்து விடுறது எல்லாம் சரி. வேலை முடிஞ்சா கை கால் கழுவ ஒரு கொழாய் வெச்சுத் தரச் சொல்லுங்களேன்." பயிற்றுநர் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அந்த அம்மாவுக்குத் தன் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது.

அலுவலகத்திலிருந்து ஆலைக்கு வருவோம். 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாபெரும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டத்தை இடதுசாரி வரலாறு பெருமையோடு நினைவுகூர்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் அந்த ஆலைகளுக்குள் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடம் இல்லை. காரணம் ஒரு நாடா. ஊடை நூல் தீர்ந்தாலோ அறுந்தாலோ நெசவாளி புது நூலின் நுனியை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைப்பார். தீண்டப்படாதவர் உறிஞ்சிய நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளர்கள் தொட மாட்டார்கள். எந்திரம் நவீனமானது, முதலாளித்துவம் நவீனமானது, எச்சில் மட்டும் மனு காலத்தது.

எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்யும் உரிமையை வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் சேர்க்காவிட்டால் எங்கள் மக்களைப் போராட்டத்தில் சேர வேண்டாம் என்பேன் என்று அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் சொன்னார். அரை மனதோடு சேர்த்தார்கள். பேச்சுவார்த்தையில் அந்தக் கோரிக்கையைப் பார்த்த ஆலை முதலாளிகள், இது அநீதி என்றால் இதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கையை விரித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் முதலாளிகள் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. தடுத்து நின்றவர்கள் சக தொழிலாளர்கள். வர்க்க ஒற்றுமை தானாக வரும் என்று காத்திருக்கச் சொல்கிற நண்பர்களுக்கு இந்த நாடாவை நினைவூட்டுவது நல்லது.

இனி 1936. அந்த ஆண்டு இரண்டு எழுத்துகள் வெளிவந்தன. ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது.

ஜூலை மாதம் 'நேச்சர்' இதழில் மான்ட்ரியல் நகரத்து ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே ஒரு சிறு குறிப்பு எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், நஞ்சு செலுத்தினாலும் அவற்றின் உடல் ஒரே மாதிரியாக எதிர்வினை செய்வதைக் கண்டார். அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. உடலியல் பொருளில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் பின்னாளில் உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த ஆய்வுதான் வேர். குளிரிலிருந்து வெளியே போக முடியாத எலிக்கு மீள்திறன் வகுப்பு எடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் செல்யே சிகரெட் கம்பெனிகளிடம் பணம் வாங்கினார் என்பது அந்தக் கம்பெனிகளின் ஆவணங்கள் வழியாகவே வெளிவந்தது. இதய நோய்க்குப் புகையிலை காரணமல்ல, மன அழுத்தம்தான் காரணம் என்று சொல்ல ஒரு விஞ்ஞானி அவர்களுக்குத் தேவைப்பட்டார். அழுத்தம் என்ற சொல்லை யார், எதை மறைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது எழுத்து அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதம் வந்தது. லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டையே கைவிட்டுவிட்டதால் பேசப்படாமல் போன உரையை அம்பேத்கர் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சடித்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அதைச் சமயம், சாத்திரம் பற்றிய நூலாகவே நாம் அதிகம் பேசுகிறோம். அதில் வேலை பற்றி ஒரு பகுதி இருக்கிறது. சாதியால் வேலை மட்டும் பிரிக்கப்படவில்லை, உழைக்கிறவர்களும் ஒருவரோடொருவர் சேராதபடி மேல்கீழாக அடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அங்கே வாதிடுகிறார். அத்தோடு நிற்கவில்லை. விருப்பமில்லாத வேலை பிறப்பால் தலையில் கட்டப்படும்போது மனிதனுக்கு அந்த வேலை மேல் வெறுப்பும், அதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்ற எண்ணமும் இடைவிடாமல் வருகிறது என்கிறார். இழிவானதென்று முத்திரை குத்தப்பட்ட வேலைகளைச் செய்கிறவர்களுக்கு அது இன்னும் கடுமை. மனமும் அறிவும் ஈடுபடாத இடத்தில் வேலைத்திறன் எங்கிருந்து வரும் என்று பொருளாதார அறிஞராகவே கேட்கிறார். வறுமையைவிடப் பெரிய தீங்கு இது என்பது அவர் கணிப்பு.

வேலை ஒரு மனிதனின் மனத்தை என்ன செய்கிறது என்ற கேள்வியை 1936இலேயே இந்திய நிலைமையில் வைத்துக் கேட்டுவிட்டார். சமூகவியல் முதுகலையில் எங்களுக்கு வேலையிலிருந்து அந்நியமாதல் என்று மார்க்ஸைப் பாடம் நடத்தினார்கள், அது தேவைதான். அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் 'சாதி ஒழிப்பு' வைக்கப்படவே இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாட் நகரில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாடு. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளியின் இரு எதிரிகள் என்று அண்ணல் சொன்ன இடம் அதுதான். போஸ்டர்களில் அந்த ஒரு வரி மட்டும் வருகிறது. அந்த உரையில் ரயில்வேயை அவர் பிரித்துக் காட்டியிருப்பதை யாரும் எடுத்துப் போடுவதில்லை. நம் ஆட்கள் வாழ்நாள் முழுக்க கேங்மேன்களாகவே இருக்கிறார்கள், மேலே போக வழி இல்லை. போர்ட்டர் வேலைகூட எளிதில் கிடைப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர் என்பவர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலும் வேலை செய்ய வேண்டும், சாதி இந்துவான ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குள் தீண்டப்படாதவர் நுழைய முடியாது. எழுத்தர் இடங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும் சாதி இந்து ஊழியர்களின் உறவினர்களுக்குப் போகின்றன. பட்டறைகளில் மெக்கானிக் ஆவது அரிது, ஃபோர்மேன் ஆவது அதைவிட அரிது. எந்த வேலை, எந்தப் படிக்கட்டு, எங்கே பூட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்ன அந்த முறை நமக்கு ஒரு பாடம். இன்று ஓர் அலுவலகத்தில் எத்தனை பட்டியல் சாதியினர் என்று ஆர்.டி.ஐ. போடுகிற தோழர்கள், எந்தப் படியில் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக அதே படியில் என்றும் கேட்க வேண்டும்.

வேலை நேரம் பற்றி ஒன்று. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை அண்ணல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அவர் வேலை நேரத்தை 14 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார் என்று ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி, நாளுக்கு 10 மணி என்று இருந்தது. 1946ஆம் ஆண்டுத் திருத்தம் அதை வாரம் 48 மணி, நாளுக்கு 9 மணி என்று குறைத்தது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்பது சின்ன விஷயமல்ல, அதை ஊதிப் பெருக்கத் தேவையும் இல்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியபோதும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டபோதும், அந்தப் பழைய 48தான் எல்லைக்கோடாக இருந்தது.

இனி இங்கிலாந்து. வேலையும் உடல்நலமும் பற்றிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது லண்டன் வைட்ஹால் ஆய்வு. 1967இல் தொடங்கியது. 17,000க்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதிகாரிகளுக்குத்தான் டென்ஷன் அதிகம், மாரடைப்பும் அவர்களுக்குத்தான் என்பது பொது நம்பிக்கை. முடிவு நேர்மாறாக வந்தது. மிகக் கீழ்நிலை ஊழியர்களிடையே இதய நோய்ச் சாவு உயரதிகாரிகளைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைபிடிப்பது, ரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் பெண்களையும் சேர்த்து 10,308 பேரிடம் இரண்டாம் ஆய்வு தொடங்கியது. தன் வேலை மீது தனக்குக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அது காட்டியது. எதை எப்போது எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமைதான் அவர்கள் கட்டுப்பாடு என்று சொல்வது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இலேயே, வேலைச் சுமை அதிகமாகவும் கட்டுப்பாடு குறைவாகவும் சேர்ந்திருப்பதே ஆளைச் சாய்க்கிறது என்று எழுதியிருந்தார். சக ஊழியரின் ஆதரவும் இல்லாமல் போனால் நிலைமை இன்னும் மோசம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் சேர்த்தார்கள்.

சுமை, கட்டுப்பாடு, ஆதரவு. இந்த மூன்றையும் கொண்டுபோய் பரோடாவிலும் நெசவுக் கூடத்திலும் மன்மாட்டிலும் வைத்துப் பாருங்கள். வைட்ஹாலில் பதவி வரிசை ஒன்றுதான். நம் அலுவலகத்தில் இரண்டு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

மீள்திறனுக்கு வருகிறேன். 'நீ மத்தவங்களவிட ரெண்டு மடங்கு உழைக்கணும்' என்ற வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் குறைவு. அம்மா சொல்லியிருப்பார், அண்ணன் சொல்லியிருப்பார், விடுதிக் காப்பாளர் சொல்லியிருப்பார். அன்பால் சொல்வது அது. அந்த அன்புக்கு உடல் என்ன விலை கொடுக்கிறது என்று ஆராய்ந்தவர் அமெரிக்கக் கறுப்பின நோய்ப்பரவலியல் அறிஞர் ஷெர்மன் ஜேம்ஸ். 1978இல் வடக்கு கரோலினாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முதிய கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். குத்தகை அடிமைத்தனத்தில் பிறந்து, இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்று, ராப்பகலாக உழைத்து நாற்பது வயதில் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். எந்தப் பயிற்சி வகுப்பிலும் மீள்திறனுக்கு அவரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஐம்பது வயதுகளிலேயே அவருக்கு உயர் ரத்த அழுத்தம், மூட்டுவாதம், அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்கு வயிற்றுப் புண். கறுப்பின நாட்டார் கதைகளில் வரும் ஜான் ஹென்றியும் எந்திரத்தோடு போட்டி போட்டு வென்றுவிட்டு, அந்த இடத்திலேயே செத்து விழுந்தவன். ஜேம்ஸ் தன் கருத்தாக்கத்துக்கு 'ஜான் ஹென்றியிசம்' என்றே பெயர் வைத்தார். வளங்கள் குறைவாக இருக்கும்போது விடாப்பிடியாகத் தனியாளாகப் போராடுவது ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது அவர் வாதம். எல்லா ஆய்வுகளிலும் அது ஒரே மாதிரி நிரூபணமாகவில்லை. ஆனால் நம் அரசு அலுவலகங்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகச் சேர்ந்து, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், 'கோட்டா' என்ற வார்த்தை காதில் விழக் கூடாது என்பதற்காகவே மற்றவர் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து, ஓய்வுக்கு முன்பே படுத்துவிட்ட மாமாக்களையும் சித்திகளையும் நமக்குத் தெரியும்.

தனியாளாகத் தாங்குவதற்கு வேறு வழி என்ன? புனேக்குப் போவோம்.

1960களின் நடுப்பகுதி. பாதுகாப்புத் துறையின் வெடிபொருள் ஆராய்ச்சிக் கூடம். அம்பேத்கர் பிறந்தநாளுக்கும் புத்தர் பிறந்தநாளுக்கும் இருந்த விடுமுறையை நிர்வாகம் ரத்து செய்து, திலகர், கோகலே பெயரில் விடுமுறை அறிவித்தது. ராஜஸ்தானைச் சேர்ந்த தீனா பானா என்ற நான்காம் நிலை ஊழியர், துப்புரவுச் சாதியில் பிறந்தவர், எதிர்த்தார். இடைநீக்கம் செய்யப்பட்டார். அங்கே வேலை பார்த்த பட்டியல் சாதி ஊழியர்களில் பலர் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டில் ஒரே சம்பளம் வருகிறவருக்கு இடைநீக்கம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். துணைக்கு வந்தவர்கள் சிலர். அவர்களில் ஒருவர் பஞ்சாபிலிருந்து வந்து அங்கே ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய கான்ஷிராம். அதுவரை அம்பேத்கரை அதிகம் படித்திராதவர். சக ஊழியர் டி.கே. காப்பர்டே அவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். 'சாதி ஒழிப்பு'. ஒரே இரவில் மூன்று முறை படித்தார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் சொல்வது. வழக்கு நடந்தது, தீனா பானா வேலைக்குத் திரும்பினார், விடுமுறைகளும் திரும்பின.

இதில் நான் நின்று பார்ப்பது தீனா பானாவிடம். வரலாறு கான்ஷிராமோடு போய்விடுகிறது, போகட்டும், அது பெரிய வரலாறு. ஆனால் தொடங்கியது, அந்த வளாகத்தின் பதவி வரிசையிலும் சாதி வரிசையிலும் ஒரே நேரத்தில் கடைசியில் நின்ற மனிதர். அவருடைய மன உறுதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இடைநீக்கக் காலத்தில் அவரைத் தாங்கியது வழக்குக்குப் பணம், எழுதித் தர ஆள், கூட நிற்க நான்கு பேர்.

அந்த நான்கு பேர் பிறகு அமைப்பானார்கள். 1971இல் புனேயில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஊழியர் சங்கம் உருவானது. ஊழியர்கள் மீதான அநீதிக்கும் துன்புறுத்தலுக்கும் விரைந்து தீர்வு காண்பது என்பதையே அது தன் நோக்கமாக அறிவித்தது. இன்றைய மனிதவளத் துறைகள் 'வெல்னஸ்' என்று சொல்கிற விஷயத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அது. ஒரு கிளார்க்கின் ரகசியக் குறிப்பேட்டில் வேண்டுமென்றே மோசமாக எழுதியிருந்தால் அது அவருடைய தனிப்பட்ட கவலையாக இல்லாமல் சங்கத்தின் வேலை ஆனது. 1978 டிசம்பர் 6 அன்று, அண்ணலின் நினைவு நாளில், அகில இந்திய அளவில் பாம்செப் முறையாகத் தொடங்கப்பட்டது. அரசு ஊழியர் நடத்தை விதிகளில் மாட்டிக்கொள்ளாதபடி, போராட்டம் நடத்தாத, கட்சி சாராத, மதம் சாராத அமைப்பு என்று தன்னை வரையறுத்துக்கொண்டது. விதிகளைப் படித்துவிட்டு விதிகளுக்குள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று அளந்து நடந்தவர்கள்.

குறைகளும் இருந்தன. நான்காம் நிலை ஊழியரின் கேள்வியில் பிறந்த அமைப்பு படித்த, நிரந்தர வேலையில் இருந்தவர்களின் அமைப்பாக வளர்ந்தது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அதற்குள் வரவில்லை. பெண்கள் தலைமைக்கு வந்தது குறைவு. 1984இல் பகுஜன் சமாஜ் கட்சி வந்த பிறகு பிளவுகளும் வந்தன. இன்று ஒரு செயலியில் உணவு கொண்டுபோகிற இளைஞருக்கும், மூன்றாவது கை மாறிய ஒப்பந்தத்தில் தெரு கூட்டுகிற பெண்ணுக்கும் எந்தச் சங்கம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. குழிக்குள் இறங்கச் சொன்னவர் தண்டனை பெற்ற செய்தியைத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தனியார் நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விஷயம், குறைந்தபட்சம் கேட்க ஓர் இடம் இருக்கிறது. சாதித் துன்புறுத்தலுக்கு அப்படி ஒரு குழு வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. 2019 மே மாதம் மும்பை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் முதுகலை மருத்துவ மாணவி பாயல் தத்வி தற்கொலை செய்துகொண்டார். பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். மூத்த மருத்துவர்கள் மூவரின் சாதித் துன்புறுத்தல்தான் காரணம் என்று குடும்பம் குற்றம்சாட்டியது, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு அவருடைய தாய் ஆபேதா தத்வியும், 2016இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலாவும் சேர்ந்து, கல்வி வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏற்பாடு கேட்டு உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள்.

வேலையில் இருக்கிற தோழர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: நாளைக்குக் காலையில் நான் என்ன செய்வது? என் களப்பணியில் பயன்பட்டதைச் சொல்கிறேன். தூக்கம் போய், வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் முதலில் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மற்றதற்கு, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நடந்த நாள், நேரம், சொல்லப்பட்ட அதே வார்த்தைகள், அப்போது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அது 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். மூடிய அறைக்குள் இருவர் மட்டும் இருந்தபோது நடந்தது என்றால் வழக்கு அங்கேயே தடுமாறும். அதனால் சாட்சியின் பெயர் முக்கியம். அரசுப் பணியில் இருந்தால் தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கு எழுதலாம், விசாரணையில் அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் மாநில ஆணையமும் இருக்கிறது. புகார் எழுதுவதற்கு முன் உங்கள் அலுவலகத்திலேயே நம்பத் தகுந்த இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள், அவர்களுக்கும் இதே அனுபவம் இருக்கக்கூடும். மெமோ வந்தால் வாங்கிய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள், நகல் எடுங்கள். அந்த நகல்களை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், வீட்டில் ஒரு செட், சங்கத் தோழர் ஒருவரிடம் ஒரு செட்.